பிக்கப்பை ஃபோர் வீல் டிரைவ் ஆக்கப் போகிறீர்களா? முதலில் முன் ஆக்சிலைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்

டூ வீல் டிரைவ் பிக்கப் ஒன்றை ஃபோர் வீல் டிரைவாக மாற்றக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் "எந்த ஆக்சில் பலமானது?" என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். பலம் முக்கியம்தான், ஆனால் அது நான்காவது ஐந்தாவது கேள்வி. உங்கள் வண்டியின் டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர் பாக்ஸின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி), ஸ்பிரிங், ஸ்டியரிங், பின் ஆக்சில் ஆகிய நான்கோடும் ஒத்துப்போகிற ஆக்சில்தான் உங்களுக்கு நல்ல ஆக்சில். ஒத்துப்போகாத ஒன்றைப் பலமானது என்று வாங்கிப் போட்டால், வெட்டுவதும் வெல்டிங் வைப்பதுமாக மாதங்கள் ஓடும்.

இந்த வேலை வட அமெரிக்காவில் வேரூன்றியது. அங்கே கம்பெனிகளே ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் செய்ய ஆரம்பிப்பதற்கு முன்பே இது நடந்துகொண்டிருந்தது. மார்மன்-ஹெரிங்டன் நிறுவனம் 1935 முதல் ஃபோர்டு லாரிகளை மாற்றிக் கொடுத்தது. மினியாபொலிஸில் இருந்த நாப்கோ 1950களில் ஷெவ்ரொலே, ஜி.எம்.சி. பிக்கப்புகளுக்கு முழு செட்டாகவே விற்றது. ஃபோர்டு சொந்தமாகச் செய்யத் தொடங்கியது 1959இல், ஷெவ்ரொலே 1960இல். ஆகவே இது புதுக் கிறுக்கு இல்லை, நன்றாகப் பழகிய பாதை. அந்தப் பாதையில் எங்கே வளைவு இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும்.

உதாரணத்துக்கு 1973 முதல் 1987 வரை வந்த ஷெவ்ரொலே சி10 வண்டியையே எடுத்துக்கொள்கிறேன். டெக்சஸிலோ ஒன்டாரியோவிலோ இருந்துகொண்டு இப்படி ஒரு பழைய வண்டியை வாங்கி வைத்திருக்கும் ஒருவருக்கு எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. அங்கே இந்த வேலையைச் சாலையில் ஓடும் வண்டிக்குச் செய்ய நினைக்காதீர்கள்.

தொடங்குவதற்கு முன்

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். பணத்தை மட்டும் பார்த்தால், டூ வீல் டிரைவ் வண்டியை விற்றுவிட்டு ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்குவதே லாபம். அப்பா ஓட்டிய வண்டி, துருவே ஏறாத பாடி, நீங்களே பிரித்துக் கட்டிய இன்ஜின் என்று விட மனமில்லாத காரணம் ஏதாவது இருந்தால்தான் இந்த மாற்றத்துக்கு அர்த்தம் உண்டு.

இன்னொரு வழியும் இருக்கிறது. சி என்றால் டூ வீல், கே என்றால் ஃபோர் வீல். சி10க்கும் கே10க்கும் கேபினும் பின் பெட்டியும் ஒன்றேதான். அமெரிக்காவின் வடக்கே, குளிர்காலத்தில் சாலைக்கு உப்புப் போடும் ஒஹாயோ, மிச்சிகன் பக்கம், பாடி முழுக்கத் தின்றுபோன கே10கள் கிடைக்கும். அரிசோனா, டெக்சஸ் பக்கம் பாடி கெடாத சி10கள் நிறைய. வடக்கு வண்டியின் சேஸி உறுதியாக இருந்தால், உங்கள் கேபினைத் தூக்கி அதன்மேல் வைத்துவிடலாம். ஆக்சில், ஸ்பிரிங், ஸ்டியரிங், டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாமே கம்பெனி வைத்த இடத்தில் இருக்கும். சேஸி எண் விவகாரத்தை மட்டும் உங்கள் மாநிலத்து வாகனப் பதிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வழி அமைந்தால் இதுவே மேல் என்பது என் எண்ணம். அமையாதவர்களுக்குத்தான் மீதிக் கட்டுரை.

முதல் படி: உங்கள் வண்டியைத் தாளில் எழுதுங்கள்

இன்ஜின் எது, கியர் பாக்ஸ் எது, பின் ஆக்சிலின் கியர் விகிதம் என்ன, சக்கரத்துக்கு எத்தனை போல்ட், எந்த அளவு டயர் போடப்போகிறீர்கள், வண்டியை எங்கே ஓட்டுவீர்கள் என்று எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். பனியிலும் பண்ணைச் சேற்றிலும் ஓட்ட ஒரு வண்டி வேண்டும் என்பவருக்கும் பாறை ஏற வேண்டும் என்பவருக்கும் ஆக்சில் வேறு. டயர் அளவை இப்போதே முடிவு செய்யுங்கள். 33 அங்குலம் என்று தொடங்கி, ஆக்சில் வாங்கிய பிறகு 37 என்று மாறினால் கணக்கு மொத்தமும் குலைந்துவிடும்.

இரண்டாவது படி: டிஃபரன்ஷியல் எந்தப் பக்கம்?

முன் ஆக்சிலில் டிஃபரன்ஷியல் குடம், அதாவது விசையை இரு சக்கரங்களுக்கும் பிரிக்கும் கியர்கள் இருக்கும் உருண்டைப் பகுதி, நடுவில் இருக்காது. நடுவில் இன்ஜினின் ஆயில் சம்ப் இருப்பதால் குடத்தை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்திருப்பார்கள். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன்பக்கம் போகும் ஷாஃப்டும் அதே பக்கத்தில்தான் வெளியே வர வேண்டும். வலப் பக்கக் குடத்துக்கு இடப் பக்கம் வெளிவரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் சேரவே சேராது. இடையில் எந்த ஜாயின்ட் போட்டும் இதைச் சமாளிக்க முடியாது.

1973-87 ஷெவ்ரொலே கே வண்டிகளில் குடம் வலப் பக்கம், அதாவது பக்கத்து சீட்காரர் பக்கம். அதே காலத்து ஃபோர்டு எஃப்-150, எஃப்-250இல் இடப் பக்கம், ஓட்டுநர் பக்கம். 1994க்குப் பின் வந்த டாட்ஜ் ராமிலும் ஓட்டுநர் பக்கம்தான். ஜீப் வேகனியரில் 1979 வரை வலம், 1980இலிருந்து இடம். பேர் போன என்.பி.205 டிரான்ஸ்ஃபர் கேஸ்கூட ஷெவ்ரொலேயில் வலப் பக்கமும் ஃபோர்டில் இடப் பக்கமும் வெளிவரும்படி வந்திருக்கிறது. 205 என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள்.

அதனால் முதலில் டிரான்ஸ்ஃபர் கேஸை முடிவு செய்யுங்கள், ஆக்சில் அதற்குப் பின்னால்தான். டிரான்ஸ்ஃபர் கேஸை முடிவு செய்வது உங்கள் கியர் பாக்ஸ். சி10இல் இருக்கும் டி.எச்.350 ஆட்டோமேட்டிக்கை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதன் பின்பக்கம் வெளிவரும் ஷாஃப்டும் பின் உறையும் ஃபோர் வீல் டிரைவுக்கு வேறு. கே10இலிருந்து கியர் பாக்ஸ், இணைப்பு உறை, டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றையும் பிரிக்காமல் ஒன்றாக இறக்கி வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை.

எந்த டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று கேட்டால்: என்.பி.205 வார்ப்பிரும்பு உறை, உள்ளே கியர்கள் மட்டும், செயின் கிடையாது. கனம் அதிகம், ஆனால் எளிதில் சாகாது. மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டும் லோ கியரின் விகிதம் 1.96. 1981இலிருந்து வந்த என்.பி.208 அலுமினிய உறை, உள்ளே செயின், லோ விகிதம் 2.61. சாதாரண உபயோகத்துக்கு 208 தாராளம். மெதுவாக ஊர்ந்து ஏற அந்த 2.61 உதவும். 1970களில் வந்த என்.பி.203 எப்போதும் நான்கு சக்கரத்தையும் ஓட்டும் வகை. அந்த வண்டிகளின் முன் ஆக்சிலில் லாக்கிங் ஹப், அதாவது முன் சக்கரத்தை ஆக்சில் ஷாஃப்டோடு பூட்டவும் விடுவிக்கவும் உதவும் ஹப், இருக்காது. ஆக்சில் மலிவாகக் கிடைத்தால் ஹப் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மூன்றாவது படி: சொந்தக் குடும்பத்திலேயே பாருங்கள்

ஷெவ்ரொலே சி10க்கு முதலில் பார்க்க வேண்டியவை கே10, கே20, பிளேசர், சபர்பன் ஆகிய வண்டிகளின் முன் ஆக்சில்கள். 1987இல் சி, கே என்ற எழுத்துகளை ஆர், வி என்று மாற்றினார்கள். பிளேசரும் சபர்பனும் அந்தப் பழைய அமைப்பிலேயே 1991 வரை வந்தன. ஆகவே 1988-91 சபர்பன் கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள். ஆனால் 1988இல் வந்த புது வடிவப் பிக்கப்பை வாங்க வேண்டாம், அதில் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன், உங்களுக்குப் பயன்படாது.

இந்தக் குடும்பத்தில் மூன்று ஆக்சில்கள். ஆரம்ப ஆண்டுகளில் டானா நிறுவனத்தின் டானா 44. 1970களின் பிற்பகுதியிலிருந்து ஷெவ்ரொலேயின் தாய் நிறுவனமான ஜி.எம். சொந்தமாகச் செய்த டென் போல்ட். கே30 என்ற ஒரு டன் வண்டியில் டானா 60.

டானா 44க்கு இருக்கும் புகழில் பாதிகூட டென் போல்ட்டுக்குக் கிடையாது. ஆனால் இரண்டுக்கும் கிரௌன் வீல் (குடத்துக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம்) எட்டரை அங்குலம்தான். 33 அங்குல டயர், சாதாரண இன்ஜின், பனி, சேறு, காட்டுப் பாதை என்றால் டென் போல்ட் உங்களைக் கைவிடாது. டானா 44 என்று பேர் சொல்லி இரு மடங்கு விலை கேட்டால், சுத்தமான டென் போல்ட்டை எடுத்துக்கொண்டு மிச்சப் பணத்தில் பால் ஜாயின்ட், பேரிங், சீல் எல்லாம் புதிதாகப் போடுங்கள். அதுதான் நல்ல வியாபாரம்.

ஃபோர்டு வைத்திருப்பவர்களுக்கு: 1978, 1979 எஃப்-150, பிராங்கோ ஆகியவற்றின் டானா 44ஐத் தேடுவார்கள். அது ஹை பினியன், அதாவது கிரௌன் வீலைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியன் ஆக்சிலின் மையக் கோட்டுக்கு மேலே இருக்கும். ஷாஃப்ட் அதிகம் சாயாமல் வரும், கல்லிலும் கட்டையிலும் இடிக்காது. முன் ஆக்சிலாக ஓடும்போது பல்லின் சரியான முகத்தில் விசை விழுவதால் பலமும் கூடுதல். ஆனால் அதில் காயில் ஸ்பிரிங்குக்கான கைகளைப் பிடிக்கும் கட்டைகளை ஆக்சிலோடு சேர்த்தே வார்த்திருப்பார்கள். பட்டை ஸ்பிரிங் போட நினைப்பவர்களுக்கு அது இடைஞ்சல். 1980இலிருந்து எஃப்-150இல் வந்தது நடுவில் இரண்டாகப் பிரிந்து ஆடும் ஆக்சில். மாற்று வேலைக்கு அதைத் தொடாதீர்கள், பிராக்கெட்டுகள் அத்தனையும் அந்த வண்டிக்கென்றே அமைந்தவை.

சின்ன வண்டியில் டொயோட்டா பிக்கப் என்றால், அமெரிக்காவில் விற்றவற்றில் 1979 முதல் 1985 வரைதான் முன்பக்கம் ஒரே தண்டான ஆக்சில். 1986இலிருந்து தனித்தனி சஸ்பென்ஷன். அந்தப் பழைய ஆக்சிலுக்கு இப்போது கிராக்கி அதிகம். விலையும் அதற்கேற்ப இருக்கும்.

நான்காவது படி: கியர் விகிதம்

முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருந்தாக வேண்டும். முன்னே 3.73, பின்னே 3.08 என்றால் ஃபோர் வீல் போட்ட உடனே முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றை ஒன்று இழுக்கும். சேற்றில் டயர் வழுக்கித் தப்பிக்கும். காய்ந்த சாலையில் டிரான்ஸ்ஃபர் கேஸோ கிராஸ் ஜாயின்டோ உடையும். 4.10க்கும் 4.11க்கும் உள்ள வித்தியாசம் போன்றவை பாதகமில்லை, கம்பெனிகளே அப்படிச் சேர்த்து அனுப்பியிருக்கின்றன.

வாங்கும் இடத்தில் விகிதத்தைக் கண்டுபிடிப்பது எளிது. டானா ஆக்சிலில் குடத்து மூடியின் போல்ட் ஒன்றில் சின்னத் தகரச் சீட்டு தொங்கும், இருந்தால் அதில் எழுதியிருக்கும். இல்லாவிட்டால் ஹப் இரண்டையும் லாக் செய்யுங்கள், ஒருவர் ஒரு பக்கச் சக்கரத்தை அசையாமல் பிடிக்கட்டும். நீங்கள் மறுபக்கத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பினியனில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு, அது எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். மூன்றே முக்காலை ஒட்டி வந்தால் 3.73. நாலும் கொஞ்சமும் வந்தால் 4.10. நாலரையைத் தாண்டினால் 4.56. ஒரு பக்கம் பிடித்திருப்பதால்தான் இரண்டு சுற்று. ஒரே சுற்றுச் சுற்றி எண்ணினால் பாதிக் கணக்குதான் வரும்.

மூடியைக் கழற்ற விட்டால் இன்னும் உறுதி. கிரௌன் வீலின் விளிம்பில் பற்களின் எண்ணிக்கை பொறித்திருக்கும். 41-11 என்றால் 3.73. 41-10 என்றால் 4.10. 41-9 என்றால் 4.56.

விகிதம் பொருந்தாத ஆக்சிலை வாங்கிப் பிறகு கியர் மாற்றிக்கொள்ளலாமா? மாற்றலாம், ஆனால் செலவு அங்கேதான் இருக்கிறது. கிரௌன், பினியன் விலை ஒரு பக்கம். ஷிம் வைத்து, டயல் கேஜ் பிடித்து, பல்லில் மை தடவித் தடம் பார்த்து உட்காரவைக்கும் கூலி இன்னொரு பக்கம். புதியவர்கள் இதை வீட்டுக் கொட்டகையில் கற்றுக்கொள்ள வேண்டாம். மேலும் கிரௌன் வீலைத் தாங்கும் உள்கூடு டானா 44இல் 3.73 வரைக்கும் ஒன்று, 3.92இலிருந்து மேலே வேறு உள்கூடு. டானா 60இல் 4.10 வரை ஒன்று, 4.56இலிருந்து மேலே இன்னொன்று. எல்லையைத் தாண்டினால் கூட்டையும் மாற்ற வேண்டும்.

இதற்கெல்லாம் எளிய வழி, முன்னும் பின்னும் ஒரே வண்டியிலிருந்து ஜோடியாக வாங்குவது. விகிதம் தானாகப் பொருந்தும். சக்கர போல்ட்டும் பொருந்தும். சி10க்கு ஐந்து போல்ட், கே10க்கு ஆறு, கே20க்கு எட்டு. முன்னே ஆறு, பின்னே ஐந்து என்று வைத்தால் ஸ்டெப்னி இரண்டு சுமக்க வேண்டியிருக்கும். ஃபோர்டில் 1999இலிருந்து சூப்பர் டியூட்டி வண்டிகளின் எட்டு போல்ட் வட்டம் 170 மில்லிமீட்டர் என்று மாறிவிட்டது. அதற்கு முந்தைய எட்டு போல்ட் ஆறரை அங்குல வட்டம். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், மாட்டினால் ஏறாது.

ஐந்தாவது படி: இப்போது பலத்தைப் பேசுவோம்

33 அங்குலம் வரை டென் போல்ட், டானா 44 இரண்டும் நிம்மதி. 35 என்றால் பார்த்து ஓட்ட வேண்டும், முன்பக்கம் லாக்கர் (இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலவைக்கும் பூட்டு) போட்டுக்கொண்டு பாறையில் முறுக்கினால் கிராஸ் ஜாயின்ட் போகும். 37ம் அதற்கு மேலும் என்றால்தான் டானா 60. அதன் கிரௌன் வீல் ஒன்பதே முக்கால் அங்குலம், உள் ஷாஃப்டின் முனையில் கியரோடு கோத்துக்கொள்ளும் 35 பள்ளம்.

டானா 60 வாங்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கனம், அகலம், எட்டு போல்ட் என்று வருகிற எல்லாமே பின்னாலும் அதே அளவு ஆக்சிலைக் கேட்கும். கே30இன் டானா 60தான் குடம் இருக்கும் பக்கத்தில் ஷெவ்ரொலேவுக்குப் பொருந்தும், கிராக்கியும் அதற்குத்தான். 2005க்குப் பின் வந்த ஃபோர்டு சூப்பர் டியூட்டி ஆக்சில் மலிவாகவும் நிறையவும் கிடைக்கிறது. ஆனால் குடம் ஓட்டுநர் பக்கம், அமைப்பு காயில் ஸ்பிரிங்குக்கானது, அகலம் 72 அங்குலத்தை நெருங்கும். சி10இன் மட்கார்டுக்கு வெளியே டயர் துருத்திக்கொண்டு நிற்கும். முதல் முறை செய்பவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். சுமை தூக்காத வண்டிக்கு டானா 60 போட்டால், அத்தனை இரும்பும் ஒவ்வொரு குழியிலும் குதித்து உங்கள் முதுகைத்தான் உடைக்கும்.

ஆறாவது படி: ஸ்பிரிங்கும் ஸ்டியரிங்கும்

சி10இல் முன்பக்கம் மேல் கை, கீழ் கை, காயில் ஸ்பிரிங். அந்தக் கைகள் தொங்குவது ஒரு குறுக்குச் சட்டத்தில். இன்ஜினும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே அந்தச் சட்டத்தைக் கழற்றுவதற்கு முன் இன்ஜினைத் தாங்க ஏற்பாடு வேண்டும். கே10இலிருந்து குறுக்குச் சட்டம், இன்ஜின் தாங்கிகள், ஸ்பிரிங் மாட்டும் பிராக்கெட்டுகள், ஷேக்கிள் எல்லாவற்றையும் சேர்த்தே வாங்குங்கள். ஆக்சில் வாங்குகிற அன்றே அதையும் கேளுங்கள், மறுநாள் போனால் அந்த வண்டி நசுங்கிப் போயிருக்கும்.

புதியவர்களுக்குப் பட்டை ஸ்பிரிங்தான் நல்லது. பட்டையே வண்டியையும் தாங்குகிறது, ஆக்சிலையும் இடம் மாறாமல் பிடிக்கிறது. காயில் என்றால் முன்னும் பின்னும் பிடிக்கக் கைகள், பக்கவாட்டில் பிடிக்க டிராக் பார் என்று கூடுதல் பிராக்கெட்டுகள். டிராக் பாரும், ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டான டிராக் லிங்க்கும் ஒரே சாய்வில் இல்லாவிட்டால் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்டியரிங் தானாகத் திரும்பும்.

வாங்கப்போகும் ஆக்சிலில் ஸ்பிரிங் உட்காரும் மேடை இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்து, உங்கள் சேஸியில் பட்டை வரப்போகும் இடத்தோடு ஒப்பிடுங்கள். ஷெவ்ரொலே ஆக்சிலில் குடத்துப் பக்க மேடை வார்ப்போடு சேர்ந்தே வரும், சும்மா வெட்டி நகர்த்த முடியாது. சொந்தக் குடும்பத்தில் வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேஸ்டரைக் கவனியுங்கள். சக்கரத்தைத் தாங்கி அதோடு திரும்பும் நக்கிளின் மேல்முனை பின்னோக்கிச் சற்றே சாய்ந்திருந்தால்தான் வளைத்த ஸ்டியரிங் தானாக நேராகும். நான்கிலிருந்து ஆறு டிகிரி வரை வைத்துக்கொள்வது வழக்கம். வண்டியை உயர்த்தும்போது ஆக்சில் உருண்டு இந்தச் சாய்வு குறையும். குறைந்தால் நெடுஞ்சாலையில் வண்டி அலைபாயும், ஒரு குழியில் விழுந்து எழுந்தால் முன் சக்கரம் இரண்டும் பேயாட்டம் ஆடும். ஆப்பு வைத்துக் கேஸ்டரைக் கூட்டினால் பினியன் கீழே குனியும், ஷாஃப்டின் கோணம் கெடும். இரண்டையும் ஒரே சமயத்தில் சரிசெய்ய ஆக்சில் குழாயின் முனையை வெட்டித் திருப்ப வேண்டும், அது கைதேர்ந்தவர் வேலை. நான்கு அங்குலத்துக்கு மேல் உயர்த்தாமல் இருந்தால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தலைதூக்காது.

ஸ்டியரிங் பெட்டியும் மாறும். கே10இல் பெட்டியிலிருந்து நீளும் பிட்மன் கை முன்னும் பின்னுமாகத் தள்ளி இழுக்கும். சி10இல் அது இடமும் வலமுமாக ஆடும். உயர்த்திய கே வண்டிகளில் டிராக் லிங்க்கைக் குறுக்காக வைக்க விரும்புகிறவர்கள் தேடிப்போவது டூ வீல் டிரைவ் பெட்டியைத்தான். அதனால் உங்கள் பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். குறுக்கு ஸ்டியரிங் பின்னாளில் வேண்டுமென்று தோன்றினால், வலப் பக்க நக்கிளின் தலை தட்டையாக இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். தட்டையான தலையில்தான் ஸ்டியரிங் கையைத் துளை போட்டுப் பொருத்த முடியும்.

ஏழாவது படி: காயலான் கடையில் பார்க்க வேண்டியவை

பழைய வண்டிகளை உடைத்து விற்கும் முற்றத்துக்குப் போகும்போது டேப், கம்பித் தூரிகை, டார்ச், சாக்கட்டி, பழைய துணி, ஒரு கடப்பாரை எடுத்துப் போங்கள்.

முதலில் அது எந்த ஆக்சில் என்று உறுதி செய்யுங்கள். டானா 44, டென் போல்ட் இரண்டின் மூடியிலும் போல்ட் பத்துதான், போல்ட்டை எண்ணினால் பிடிபடாது. டென் போல்ட்டின் மூடி கிட்டத்தட்ட வட்டம். டானாவின் மூடி கோணல்மாணலான பலகோணம். கம்பித் தூரிகையால் குடத்தின் விலா எலும்பு போன்ற மேட்டைத் தேய்த்தால், டானாவில் 44, 60 என்ற எண் வார்ப்பிலேயே தெரியும்.

அப்புறம் ஆயில். குடத்தின் அடைப்பானைத் திறந்து சுண்டுவிரலை விட்டு எடுங்கள். கறுப்பாக, நாற்றத்தோடு இருந்தால் பயமில்லை, பழைய கியர் ஆயில் அப்படித்தான். பாலும் காபியும் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, பேரிங்கில் துரு இருக்கும். விரலை டார்ச் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பூச்சு தேய்மானம், அது சகஜம். மினுக்மினுக்கென்று துகள் தெரிந்தாலோ நகத்தில் கரகரத்தாலோ பல்லோ பேரிங்கோ போய்க்கொண்டிருக்கிறது. விலையைக் குறையுங்கள், இல்லை நகர்ந்துவிடுங்கள்.

சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பும்போது நக்கிள் மேலும் கீழும் அசைந்தால் பால் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. அது மாற்றக்கூடியதுதான், செலவில் எழுதிக்கொள்ளுங்கள். குழாய் நேராக இருக்கிறதா என்று ஒரு முனையில் குனிந்து மறுமுனை வரை கண்ணால் ஓட்டிப் பாருங்கள். குழாய் குடத்துக்குள் நுழையும் இடத்தில் பெயின்ட் வெடித்துப் புதுத் துரு கோடாகத் தெரிந்தால், அந்த வண்டி எங்கோ பலமாக மோதியிருக்கிறது. மற்றது எல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வளைந்த குழாயை வாங்காதீர்கள்.

டிஸ்க் பிரேக் உள்ள ஆக்சிலாகவே எடுங்கள். காலிப்பர், அதன் பிராக்கெட், ஹப், லாக்கிங் ஹப், டை ராடு, டிராக் லிங்க், யூ போல்ட் தட்டுகள் எல்லாம் ஆக்சிலோடு வர வேண்டும். உதிரியாகத் தேடினால் ஆக்சில் விலையை எட்டிவிடும். லாக்கிங் ஹப் தானாகப் பூட்டும் வகையாக இருந்தால் கையால் திருப்பும் ஹப்புக்கு மாறிக்கொள்ளுங்கள். பனியில் சிக்கியபோது பூட்டுமா பூட்டாதா என்ற சந்தேகமே வேண்டாம்.

எட்டாவது படி: வெல்டிங்குக்கு முன் ஒரு ஒத்திகை

ஆக்சில் வீட்டுக்கு வந்ததும் உடனே போல்ட்டை இறுக்கிவிடாதீர்கள். வண்டியை உறுதியான ஸ்டாண்டுகள்மேல் நிறுத்தி, பட்டையில் மேல் தகடு ஒன்றை மட்டும் வைத்து ஆக்சிலைத் தொங்கவிடுங்கள். ஜாக்கியால் ஒரு பக்கமாகத் தூக்கித் தூக்கிப் பாருங்கள். குடம் ஆயில் சம்ப்பை இடிக்கிறதா, டை ராடு பட்டையில் உரசுகிறதா, டயர் முழுக்கத் திரும்பியபோது சேஸியைத் தொடுகிறதா, வலப் பக்கம் வரும் ஷாஃப்ட் புகைக் குழாயை இடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கவனியுங்கள். ஷெவ்ரொலே இன்ஜினில் ஸ்டார்ட்டரும் வலப் பக்கம்தான், அந்த மூலையில் நெருக்கடி அதிகம், புகைக் குழாயை வளைத்துக்கொள்ள வேண்டிவரலாம். எங்கே முதலில் இடிக்கிறதோ அதற்கு ஒரு அங்குலம் முன்னால் ஆக்சில் நிற்கும்படி பம்ப் ஸ்டாப் வையுங்கள். பிரேக் ஹோஸ் ஆக்சில் முழுக்கத் தொங்கும்போதும் இழுபடாத நீளத்தில் இருக்க வேண்டும்.

முன் ஷாஃப்டைக் கடைசியில்தான் அளக்க வேண்டும். இன்ஜின், பாடி, பம்பர் எல்லாம் ஏறி, வண்டி தன் சக்கரத்தில் முழு எடையோடு நின்ற பிறகு, டிரான்ஸ்ஃபர் கேஸின் முகத்திலிருந்து பினியனின் முகம் வரை அளங்கள். அதன்பின் முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரங்கள் தொங்கும் நிலையில் இன்னொரு முறை அளங்கள். இரண்டு அளவையும் தாளில் எழுதி ஷாஃப்ட் செய்பவரிடம் கொடுத்தால், சறுக்கு இணைப்பு எவ்வளவு நீளம் வேண்டும் என்று அவர் பார்த்துக்கொள்வார். அவர் செய்து முடிக்கும் வரை முன் ஹப்புகளைத் திறந்தே வைத்து வண்டியைப் பின் சக்கரத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்து, அலைன்மென்ட் முடித்துவிடுங்கள்.